கலியாண வீட்டுக்குப் போன கதிரைகள்

அப்பா தன் பெயரைத் தானே அழித்துக்கொண்டிருந்தார்.

சாம்பல்தீவில் எங்கள் வீட்டு முற்றம். ஆடி மாதத்து வெயில். வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகளை வேலியோரம் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தோம். அப்பா ஒவ்வொன்றாக இழுத்து, மடியில் கவிழ்த்து வைத்து, தின்னரில் நனைத்த பழைய சாரத் துண்டால் அதன் முதுகைத் தேய்த்தார். அங்கே சிவப்புப் பெயின்றால் 'நாகமணி' என்று எழுதியிருந்தது. எழுதியவன் நான். அழிக்கவேண்டி வந்ததும் என்னால்தான்.

பெயர் போனது, சிவப்பு முழுதாகப் போகவில்லை. வெற்றிலை துப்பியதுபோல ஒரு மங்கல் கறை மிஞ்சியது. "பரவாயில்லை, நாலு வெயில் பட்டா இதுவும் வெளிறிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கதிரையை இழுத்தார். முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. துறைமுகத்தில் மூட்டை இறக்கும்போது எப்படி இருந்திருப்பாரோ, அப்படித்தான் இருந்தார். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏலவில்லை. கடைக்குப் போகிற சாட்டில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

போன கிழமை இந்தப் பத்தியில் என் முதலாவது தொழிலைப் பற்றி எழுதியிருந்தேன். கருவாட்டை வடிவான பைக்கற்றுகளில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்பப் போய், வறண்ட கச்சான் காற்றில் மேல் காய்ந்து உள் காயாத மீன் பைக்கற்றுக்குள்ளேயே வியர்த்து, பூஞ்சணம் பிடித்து, பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்த கதை. வாசித்தவர்கள் சிலர் விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொன்னார்கள். நல்லது. இந்தக் கிழமை சிரிக்க அதிகம் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மேடையில் சொன்ன பொய்

இதை எழுதத் தூண்டியது ஒரு கூட்டம். திருகோணமலை நகரத்தில் இளம் தொழில் முயற்சியாளர்களுக்கென்று ஒரு பயிற்சி வைத்தார்கள். இப்போது என்னிடம் மீன் ஏற்றுகிற குளிர் லொறிகள் இருக்கின்றன. ஆகவே நானும் ஒரு பேச்சாளன். மேடையில் மேசை, மேசையில் தண்ணீர்ப் போத்தல், கீழே வரிசையாகப் பிளாஸ்டிக் கதிரைகள். எந்த மண்டபத்துக்குப் போனாலும் என் கண் முதலில் போவது கதிரைக்குத்தான். கால் வெடித்திருக்கிறதா, கழுவியிருக்கிறார்களா, யாருடைய அடையாளம் போட்டிருக்கிறது என்று பார்ப்பேன். பழக்கம் விடவில்லை.

விடாமுயற்சியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசினேன். முடிவில் ஒரு பிள்ளை எழும்பி, "உங்கட முன்னேற்றத்துக்குக் குடும்பத்தின்ட ஆதரவு எப்பிடி இருந்தது சேர்?" என்று கேட்டாள். கையில் பேனையும் ஆயத்தமாக இருந்தது.

"முழு ஆதரவு தந்தவை" என்றேன். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு என்மேலேயே எரிச்சல். முழு ஆதரவு என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லவில்லை. தோளில் தட்டிக் கொடுப்பதும், "நீ செய், நாங்கள் இருக்கிறம்" என்று சொல்வதும்தான் ஆதரவு என்று அவள் நினைத்திருப்பாள். எங்கள் வீட்டில் அது வேறு விதமாக நடந்தது. அப்படி ஒரு ஆதரவு எந்தப் பிள்ளைக்கும் கிடைக்கக்கூடாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கதிரைத் தொழில் நிலைக்கவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கதிரைகள் இன்று தோப்பூரில் ஒரு ரியூசன் வகுப்பில் கிடக்கின்றன. பிள்ளைகள் அவற்றில் அமர்ந்து கணக்குப் படிக்கிறார்கள்.

நாகமணி என்ற பெயர்

கருவாட்டில் நான் முறிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பா துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது கிடைத்த காசை அப்படியே என் கையில் தந்தார். அம்மா சண்டை பிடிப்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் குசினிக்குள் இருந்தபடியே, "இந்த முறை நாறாத சாமானா வாங்கு" என்று மட்டும் சொன்னார். கதிரை நாறாது. எங்கள் வீட்டில் தொழில் ஆலோசனை என்று நடந்தது அவ்வளவுதான்.

பெற்றோல் வரிசைகள் ஓய்ந்து, ஒத்திப்போட்ட கலியாணங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கத் தொடங்கியிருந்த காலம் அது. மண்டபம் எடுக்க வசதியில்லாதவர்கள் வீட்டு முற்றத்திலேயே பந்தல் போட்டார்கள். பந்தலுக்குக் கதிரை வேண்டும். நகரத்துக் கடைகளில் கதிரை வாடகைக்கு எடுக்க முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவன் வைத்திருந்தால் சனம் ஏன் நகரத்துக்கு ஓடப் போகிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் பிழை இல்லை.

பிழை வேறு இடத்தில் நடந்தது. வாடகைக் கதிரைக்கு ஒரு அடையாளம் வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்தவனுடையதோடு கலந்துவிடும். தங்கச்சி வாணி கதிரைகளுக்கு உறை தைத்து, பின்னால் பூப்போல முடிகிற பொன்னிறப் பட்டியும் வைத்தாள். நான் ஒவ்வொரு முதுகிலும் அப்பாவின் பெயரை எழுதினேன். தந்தவர் அவர், பெயரும் அவருடையதாக இருக்கட்டும் என்று. பாசத்தில் செய்த மடைத்தனம்.

ஏனென்றால் எங்கள் ஊரில் நாகமணி என்ற பெயரைக் கேட்டால் சனத்துக்குச் செத்த வீடுதான் ஞாபகத்துக்கு வரும். ஒரு சாவு விழுந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பவர் அப்பா. ஒழுங்கை முழுக்க வெள்ளைக் கொடி கட்டுவார். பறைக்காரருக்குச் சொல்லி அனுப்புவார். பாடைக்குக் கமுகு தறிப்பார். அழுது களைத்த பெண்களுக்குத் தேத்தண்ணீர் கிடைத்ததா என்று பார்ப்பார். பகைவீடு என்றெல்லாம் பார்க்கமாட்டார். வேலையிலிருந்த காலத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டுத் துறைமுகத்திலிருந்து அப்படியே வருவார்.

கலியாண வீட்டுக்கு மட்டும் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் போவார். "அங்க நிக்கிறதுக்கு ஆக்கள் கிடக்கு" என்பார். சாப்பிட்ட கை காய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

அந்த மனிதரின் பெயரைத்தான் நான் சிவப்பில் எழுதி, மாப்பிள்ளை வீட்டாரின் கண்ணுக்கு நேரே வரிசையாக அடுக்கப் பார்த்தேன்.

சின்னவனிடம்தான் கேட்பார்கள்

முதல் அழைப்புக் கலியாண வீட்டிலிருந்து வரவில்லை. பக்கத்து ஒழுங்கையில் ஒரு வயோதிபர் இறந்துபோனார். காலையில் அங்கே போன அப்பா வெயில் ஏறும்போது திரும்பி வந்து, எங்கள் கதிரைகளை இறக்கத் தொடங்கினார்.

"அப்பா, இது இன்னும் ஒரு கலியாணத்துக்கும் போகேல்லை" என்றேன்.

"அதுக்கு? சனம் வெயில்ல நிக்குது."

"வாடகை?"

அப்பா கையிலிருந்த கதிரையை நிலத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "செத்த வீட்டில காசு கேட்டா, நான் பிறகு எந்த முகத்தோட அங்க போறது?" என்றார். நானும் கைகொடுத்து இறக்கினேன்.

அதற்குப் பிறகு அந்த மாதம் முழுக்கச் செத்த வீடுகள். கதிரைகள் திரும்பி வந்ததும் அம்மா கிணற்றடியில் வைத்து ஒவ்வொன்றாகக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காயவைப்பார். என்ன கழுவினாலும், எந்தக் கதிரை எந்த முற்றத்தில் கிடந்தது என்பது ஊருக்குத் தெரியும்.

நகரத்துப் பெரிய கடைக்காரரிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. அவரிடம் உள்ள கதிரைகளில் எது எங்கே போய் வந்தது என்று யாருக்குத் தெரியும்? சின்னவனிடம்தான் கேட்பார்கள். முதன்முதலாகக் கலியாணத்துக்குக் கதிரை பார்க்க வந்த மாமி ஒருவர் தேத்தண்ணீர் குடித்தார், உறைகளைத் தடவிப் பார்த்தார், வாணியின் தையலைப் புகழ்ந்தார். பிறகு கதிரையைத் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் வடிவு பிள்ளை," என்று அம்மாவிடம் சொன்னார். "ஆனா எல்லாச் செத்த வீட்டிலயும் கிடந்த கதிரையெல்லோ. பேரும் நாகமணி எண்டு கிடக்கு. மாப்பிள்ளைப் பகுதி கண்டா என்ன நினைக்கும்?"

"கழுவித்தான் வைச்சிருக்கிறன் அக்கா" என்றார் அம்மா.

"அது தெரியும். மனசு ஒண்டு கிடக்கெல்லோ."

அப்பா அப்போது முற்றத்தில்தான் நின்றார். மாமி படலையைத் தாண்டியதும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "தின்னர் எந்தக் கடையில விக்கும்?" என்று என்னிடம் கேட்டார். மற்ற முடிவையும் அவரே எடுத்தார். இனி இந்தக் கதிரை ஒரு செத்த வீட்டுக்கும் போகாது.

அதன்பின் அவர் செத்த வீடுகளுக்கு வெறுங்கையோடு போனார். "கதிரை எங்க நாகமணி அண்ணை?" என்று சனம் கேட்கும். "பொடியன் வேற அலுவலுக்கு வைச்சிருக்கிறான்" என்று சொல்லிவிட்டு, வாசிகசாலையில் இருக்கப் போட்டிருந்த மரவாங்குகளைத் தோளில் தூக்கி வருவாராம். இதை எனக்கு மற்றவர்கள்தான் சொன்னார்கள்.

என் கூட்டாளி றிஸ்வான் மூதூரான், லொறி வைத்திருந்தான். கதிரைகளைக் கொழும்பிலிருந்து ஏற்றி வந்தவனும் அவன்தான். "எங்கட பள்ளிவாசல்ல மையத்து வீட்டுக்கும் கலியாணத்துக்கும் ஒரே கதிரதான் மச்சான். உனக்கு ஏன் இந்த மண்டையிடி? எல்லாத்தயும் ஏத்து, மூதூருக்குப் போவம்" என்றான். அன்றே கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கு எங்கள் ஊரில், எங்கள் சனத்திடம் வெல்லவேண்டும். இப்போது மேடையில் அதை விடாமுயற்சி என்கிறார்கள். அப்போது வீட்டில் அதற்கு வீம்பு என்று பெயர்.

நிலாவெளிக் கலியாணம்

ஆவணியில் அதிர்ஷ்டம் வந்தது போலத்தான் இருந்தது. நிலாவெளியில் கடை வைத்திருந்த தவராசா அண்ணையின் ஒரே மகளுக்குக் கலியாணம். எங்கள் கதிரைகள் முழுவதும் வேண்டும், உறையோடு வேண்டும். அடுத்த கிழமை அவருடைய தமக்கை வீட்டிலும் கலியாணம், அதற்கும் எங்களுடையதுதான். இரண்டு பெரிய கலியாணங்களில் போட்டுவிட்டால் இவை கலியாண வீட்டுக் கதிரைகள் ஆகிவிடும். பிறகு யாரும் முதுகைத் திருப்பிப் பார்க்கமாட்டார்கள். எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

தவராசா அண்ணை நேரில் வந்து பேசினார். "தம்பி, நான் இதெல்லாம் பெரிசா எடுக்கிற ஆள் இல்லை. ஆனா மாப்பிள்ளைப் பகுதி துடக்கு, தீட்டு எண்டு கண்ணில விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற சனம். அவையின்ட காதில ஒண்டும் விழாமப் பார்த்துக்கொள்ளுங்கோ." அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் லொறியில் ஏற்றினோம். அப்பா சுற்றி வந்து பார்த்தார். "கயிறு இறுக்கிக் கட்டினியோ?" என்றார். "ஓம் அப்பா" என்றேன். அவரோடு நான் கடைசியாகக் கதைத்தது அதுதான். இதைவிடப் பெரிய வார்த்தை ஏதாவது இருந்ததா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை, கயிறு மட்டும்தான்.

நானும் றிஸ்வானும் பந்தலிலேயே தங்கினோம். விடிந்ததும் உறைகளைப் போட்டு, பட்டிகளை முடிந்து, வரிசை பிடித்தோம். கடல் பக்கமிருந்து வந்த காற்றில் பொன்னிறப் பட்டிகள் மெல்ல ஆடின. மாப்பிள்ளை வீட்டார் வந்து இருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பெரியவர் கதிரையில் சாய்ந்து, கைபிடியைத் தட்டி, "நல்ல கதிரை" என்றார். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வாணிக்கு அனுப்பினேன். 'அப்பாவுக்குக் காட்டு' என்று கீழே எழுதினேன். 'ஓம்' என்று பதில் வந்தது.

கொஞ்ச நேரத்தில் வாணி அழைத்தாள். "தாலி கட்டியாச்சோ அண்ணா?"

"இன்னும் இல்லை. ஏன்?"

"சும்மா. அம்மா கேக்கச் சொன்னவ."

மேளச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. மறுபடியும் அழைத்தாள். மறுபடியும் அதே கேள்வி. "ஐயர் இன்னும் ஓமம் வளர்க்கிறார். உங்களுக்கு என்ன அவசரம்? வை" என்று எரிந்து விழுந்தேன். பிறகு இடியப்பம் சாப்பிட்டேன். றிஸ்வானோடு பகிடி விட்டேன். கொழும்புக்குப் போய் இன்னும் கதிரை எடுப்பது பற்றிக் கதைத்தேன். அந்தக் காலைபோல ஒரு சந்தோசமான காலை எனக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை.

கெட்டிமேளம் முடிந்ததும் நானே அழைத்தேன். "கட்டியாச்சு எண்டு அம்மாவிட்டச் சொல்லு."

வாணி திரும்பி, "கட்டியாச்சாம் அம்மா" என்றாள். அதன்பின் தொலைபேசிக்குள் அம்மாவின் குரல் ஒருமுறை வெடித்து அடங்கியது. அம்மா அப்படி அழுது நான் கேட்டதே இல்லை.

"அண்ணா, அப்பா செத்திட்டார்," என்றாள் வாணி. "விடியவே. இனி வா. அங்க ஒருத்தருக்கும் சொல்லாத எண்டு அம்மா சொன்னவ."

மூடிய கதவு

வீட்டில் நடந்ததை வாணி பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். சிலதை எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்துதான் சொன்னாள்.

அப்பா வழக்கம்போல விடியவே எழும்பிக் கிணற்றடிக்குப் போயிருக்கிறார். முகம் கழுவிவிட்டுக் கிணற்றுக்கட்டில் இருந்தவர், அப்படியே பக்கவாட்டில் சரிந்திருக்கிறார். அம்மா ஓடிப்போய்ப் பிடிக்கும்போதே முடிந்துவிட்டது. வாணி கத்த வாயெடுத்தாள். அம்மா ஈரக் கையால் அவளுடைய வாயைப் பொத்தினார்.

"கத்தாத. அங்க இன்னும் தாலி கட்டேல்லை."

இரண்டு பேருமாக அவரைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். மூட்டை சுமந்த உடம்பு. லேசில் தூக்கக்கூடியது இல்லை. கட்டிலில் கிடத்தி, கண்ணை மூடி, கதவைச் சாத்தினார்கள். விளக்குக் கொளுத்தவில்லை. அம்மா கட்டிலடியில் நிலத்தில் இருந்து, சீலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிக் கறிவேப்பிலை கேட்டிருக்கிறார். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கொப்பு முறித்துக் கொடுத்தாராம்.

"அண்ணையைக் காணேல்லை?"

"தலையிடி எண்டு படுத்திருக்கிறார்."

நான் அனுப்பிய படம் வந்தபோது வாணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. 'அப்பாவுக்குக் காட்டு' என்று எழுதியிருக்கிறது. அம்மா கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். "வடிவாக் கிடக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

"அண்ணாவுக்கு மட்டும் சொல்லுவம் அம்மா" என்று வாணி கெஞ்சியிருக்கிறாள்.

"சொன்னா அவன் நிப்பானோ? விட்டிட்டு ஓடி வருவான். அவன் ஓடி வந்தா ஊருக்கே தெரியும். மாப்பிள்ளைப் பகுதி அந்தக் கதிரையில இருக்குமோ?" என்றாராம் அம்மா. பிறகு, "மனுசன் தன்ட பேரைத் தானே அழிச்சவர். அது வீணாப் போகக்கூடாது" என்றாராம்.

எனக்கு அம்மாமேல் கோபம் உண்டு. இன்றைக்கும் உண்டு. என்னைக் கேட்காமல் எனக்காக அதைச் செய்தார் என்பதுதான் கோபம். நன்றியும் உண்டு; அந்த நன்றியை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடும்போது சில நாட்களில் திடீரென்று எரிச்சல் வந்து எழும்பிப் போய்விடுவேன். ஏன் என்று அவர் கேட்பதில்லை.

ஊரில் எல்லாச் சாவுக்கும் முதல் ஆளாகப் போனவர் செத்துக் கிடக்கிறார், ஒருவருக்கும் தெரியாது. அதைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

முற்றம்

நான் வந்து சேர்ந்தபோது சனம் சேரத் தொடங்கியிருந்தது. கொடி கட்ட ஆள் இல்லாமல் பொடியன்கள் ஏதோ தெரிந்தபடி கட்டிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் வெயிலில் நின்றார்கள். சிலர் கிணற்றுக்கட்டிலும், கருவாட்டுக் காலத்தில் மிஞ்சிய மீன்பெட்டிகளைக் கவிழ்த்து அவற்றின் மேலும், மற்றவர்கள் மணலிலும் இருந்தார்கள். "கதிரைக்காரன்ட வீட்டில இருக்க ஒரு கதிரை இல்லை, பார்" என்று யாரோ பின்னால் சொன்னது என் காதில் விழுந்தது.

அப்பாவின் காலடியில் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு அம்மாவிடம் குனிந்து, "கலியாணச் சாப்பாடு முடிஞ்சிருக்கும். றிஸ்வானைக் கதிரையைக் கொண்டு வரச் சொல்லுறன்" என்றேன்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். "கொண்டு வராத. வாற கிழமையும் கலியாணம் கிடக்கு. இந்த முற்றத்தில ஒருக்காப் பட்டா, பிறகு ஏலாது."

"செத்தது அப்பா, அம்மா."

"தெரியும். நான்தானே தூக்கினனான்" என்றார் அம்மா.

றிஸ்வானை அழைத்து, கலியாணத்துக்காக வீட்டில் மறைத்து வைத்திருந்ததையும் சொல்லி, எல்லாவற்றையும் மூதூரில் அவனுடைய வீட்டில் இறக்கி வைக்கச் சொன்னேன். "சரி மச்சான்" என்றான். அவனுடைய குரல் சரியில்லை. அழுதிருந்தான்.

மட்டக்களப்பிலிருந்து மாமா வரவேண்டியிருந்ததால் அடுத்த நாள்தான் பிரேதத்தை எடுப்பது என்று முடிவாகியது. அம்மா அதிகம் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். காலையில் அடக்கிய அழுகை அடங்கியபடியே நின்றுவிட்டது போல இருந்தது. பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். அம்மா அவர்களைத் தேற்றினார்.

பின்னேரம் படலையடியில் லொறிச் சத்தம் கேட்டது. முன் இருக்கையிலிருந்து தவராசா அண்ணை இறங்கினார். மகளுக்குத் தாரைவார்த்த அதே பட்டு வேட்டி. நெற்றியில் சந்தனம்கூடக் கலையவில்லை. கலியாண வீட்டுக்காரர் அன்றைக்கே செத்த வீட்டு வாசலை மிதிப்பது எங்கள் சனத்தில் இல்லாத வழக்கம். பின்னால் றிஸ்வான் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் எங்கே போனேன் என்று தவராசா அண்ணை கேட்டதும் உண்மையைச் சொல்லியிருக்கிறான்; அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தவராசா அண்ணை உள்ளே போய் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். வெளியே வந்து எல்லோருக்கும் கேட்கிறபடி கதைத்தார்.

"சண்டைக் காலத்தில என்ட அம்மா செத்தபோது பயத்தில ஒரு சனம் வெளிய வரேல்லை. இந்த மனுசன் சாம்பல்தீவில இருந்து நடந்து வந்து என்னோட தூக்கினவர். இண்டைக்கு என்ட மகளின்ட தாலிக்காக இந்த வீடு வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததாம். அவர் கிடக்கிற முற்றத்தில சனம் மண்ணில இருக்கிறதோ?"

சொல்லிக்கொண்டே லொறியின் பின்கதவைத் திறந்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே முதல் கதிரையைத் தோளில் தூக்கி வந்தார். நான் எழும்பினேன். தடுக்க வேண்டும் என்றுதான் எழும்பினேன். ஆனால் அழுதுகொண்டு வருகிற ஒரு மனிதரிடம் என்னவென்று சொல்லித் தடுப்பது? நாலைந்து பேர் ஓடிப்போய்க் கைகொடுத்தார்கள். சிலவற்றில் உறை கழற்றாமலே இருந்தது. பொன்னிறப் பட்டிகளோடு அவை வரிசையாக மணலில் இறங்கின. வயது போனவர்கள் அப்பாடா என்று இருந்தார்கள். "இவரல்லோ மனுசன்" என்று ஒருவர் சொன்னார். உண்மைதான், அவர் மனுசன்தான்.

வாணி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

அம்மா வாசலுக்கு வந்திருந்தார். முற்றத்தில் இறங்கிய கதிரைகளை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பார்த்தார். தவராசா அண்ணை ஒரு கதிரையைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்து, தோளில் கிடந்த சால்வையால் அதைத் துடைத்தார். "இருங்கோ அக்கா" என்றார்.

அம்மா இருந்தார். இருந்துகொண்டு, இரண்டு கையாலும் மார்பில் அடித்து, ஊர் முழுக்கக் கேட்க அழத் தொடங்கினார். பெண்கள் ஓடிவந்து பிடித்தார்கள். பிடியில் நிற்கவில்லை. "அழட்டும், விடுங்கோ," என்று அவர்களில் ஒருத்தி சொன்னாள். "இவ்வளவு நேரமும் அடக்கி வைச்சிருந்தவ. இப்பதான் மனுசனை நினைச்சு அழுறா."

ஓம், அவரையும் நினைத்துத்தான் அழுதார்.